ரயில்வே சிவில் டெண்டர்: ரேட் போடுவதற்கு முன் படிக்க வேண்டியவை

பிளாட்ஃபார்மை உயர்த்துவது, குவார்ட்டர்ஸ் பழுதுபார்ப்பது, சுரங்கப்பாதை, சிறு பாலம் என எதுவானாலும் இந்திய ரயில்வேயின் டெண்டர்கள் ஐ.ஆர்.இ.பி.எஸ் எனப்படும் ரயில்வேயின் மின்னணு டெண்டர் இணையதளத்தில்தான் வெளியாகின்றன. தெற்கு ரயில்வேயில் சென்னை, திருச்சி, மதுரை, சேலம், பாலக்காடு, திருவனந்தபுரம் என்று ஆறு கோட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் வரும் வேலைகளுக்குத் தானே டெண்டர் விடும். புதிய பாதை, இரட்டைப் பாதை போன்ற பெரிய வேலைகளைக் கட்டுமானப் பிரிவு பார்க்கும். தளத்தில் பதிவு செய்து டிஜிட்டல் கையொப்பம் வாங்கிவிட்டால் கலந்துகொள்ளலாம். அந்தப் பகுதி எளிது.

வேலை முடிந்து கையில் ஏதாவது நிற்குமா என்பது ஜி.சி.சி எனப்படும் பொது ஒப்பந்த நிபந்தனைகளைப் பொறுத்தது. பலர் அதைப் பிரச்சினை வந்த பிறகுதான் திறக்கிறார்கள். இங்கே சொல்பவை 2022 ஏப்ரல் பதிப்பை ஒட்டியவை. நடுநடுவே திருத்தங்கள் வரும். உங்கள் டெண்டரோடு எந்தப் பதிப்பு இணைந்திருக்கிறதோ அதுதான் உங்களுக்குச் செல்லும்.

முதலில் தகுதி. 50 லட்சம் ரூபாய் வரையுள்ள டெண்டர்களுக்கு முன் அனுபவமோ டர்ன்ஓவரோ கேட்க மாட்டார்கள். புதியவர்கள் நுழைய அதுதான் வாசல். அதற்கு மேலே போனால் கணக்கு மாறும். 3 கோடி ரூபாய் மதிப்பில், ஒன்றரை வருடத்தில் முடிக்க வேண்டிய வேலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கடந்த 7 ஆண்டுகளில் இதே வகை வேலை ஒன்றை 60 சதவீத மதிப்புக்கு, அதாவது 1.8 கோடிக்கு, முடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் 40 சதவீதத்துக்கு இரண்டு, அல்லது 30 சதவீதத்துக்கு மூன்று காட்டலாம். சராசரி ஆண்டு ஒப்பந்த வரவு, வேலை மதிப்பை வருடக் கணக்கால் வகுத்தால் வரும் தொகைக்குக் குறையக் கூடாது. இங்கே அது 2 கோடி. ஒரு வருடத்துக்கும் குறைவான வேலையென்றால் வேலையின் முழு மதிப்போடு நிறுத்திக்கொள்வார்கள். தெரிந்த பில்டரிடம் வாங்கிய அனுபவச் சான்றிதழ் இங்கே எடுபடாது. தனியார் சான்றிதழ் என்றால் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட, சராசரி ஆண்டு வரவு 500 கோடிக்குக் குறையாத நிறுவனம் கொடுத்ததாக இருக்க வேண்டும்.

அடுத்தது, வேலைக்குள் முடங்கும் பணம். அதே 3 கோடி வேலைக்கு இ.எம்.டி, அதாவது டெண்டரோடு கட்டும் முன்பணம், முதல் கோடிக்கு 2 லட்சமும் மீதி 2 கோடிக்கு அரை சதவீதமும் சேர்த்து 3 லட்சம். டெண்டர் உங்களுக்கு விழுந்து ஏற்புக் கடிதம் வந்ததும் 21 நாளுக்குள் 5 சதவீதம், அதாவது சுமார் 15 லட்சத்துக்கு, வேலையை ஒழுங்காக முடிப்பதற்கான உத்தரவாதமாகப் பெர்ஃபார்மன்ஸ் கியாரண்டி கொடுக்க வேண்டும். 60 நாள் வரை இழுக்கலாம், ஆனால் 22-ஆம் நாளிலிருந்து ஆண்டுக்கு 12 சதவீத வட்டி ஏறும். இந்தத் தொகைக்கு மாதம் 15 ஆயிரம் ரூபாய். அதையும் தாண்டினால் ஒப்பந்தமே போய்விடலாம், இ.எம்.டியும் சேர்ந்து போகும். இதற்கு மேல் இன்னொரு 5 சதவீதம் செக்யூரிட்டி டெபாசிட். கட்டிய இ.எம்.டியை அதில் கழித்துக்கொண்டு, மீதி 12 லட்சத்தை ஓடும் பில்களில் (வேலை நடக்கும்போது அவ்வப்போது தரும் பில்களில்) பிடித்துக்கொள்வார்கள். ஆக, கியாரண்டியும் டெபாசிட்டுமாக 30 லட்சம் பல மாதங்கள் உங்கள் கைக்கு எட்டாது. பேங்க் கியாரண்டிக்கு வங்கி கேட்கும் மார்ஜினையும் கமிஷனையும் ரேட்டில் சேர்க்காமல், ஷெட்யூலில் ரயில்வே போட்ட மதிப்புக்குப் பத்து சதவீதம் கீழே போட்டு எல்-1 (மிகக் குறைந்த விலை கேட்டவர்) ஆகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பரிதாபம்தான் வரும்.

ரேட் போடும்போது மறந்துபோகும் இன்னொன்று, டிராஃபிக் பிளாக். ஓடும் லைனுக்குப் பக்கத்தில் தோண்டவோ பாலத்தின் கர்டரைத் தூக்கவோ ரயில்வே சிறிது நேரம் ரயிலை நிறுத்தித் தர வேண்டும்; அதுதான் பிளாக். இரவு 11.30 முதல் 1.30 வரை என்று சொல்லியிருப்பார்கள். கிரேன், வெல்டர், பன்னிரண்டு ஆட்கள் எல்லோரும் தயாராக நிற்பார்கள். ஒரு ரயில் தாமதமாக வருகிறது என்று பிளாக் ரத்தாகும். அன்றைய கூலியும் கிரேன் வாடகையும் யார் தலையில்? பெரும்பாலும் உங்கள் தலையில்தான். ரயில்வேயால் தாமதமானால் ஜி.சி.சியின் 17ஏ பிரிவின் மூன்றாம் உட்பிரிவு கால நீட்டிப்பு தரும், நஷ்ட ஈடு தராது. ஆகவே சும்மா நிற்கப்போகும் இரவுகளையும் ஒரு செலவாக ரேட்டிலேயே ஏற்ற வேண்டும். சைட்டைப் பார்க்காமல், அங்கே எத்தனை ரயில் ஓடுகிறது என்று விசாரிக்காமல் இதைக் கணிக்க முடியாது.

கால நீட்டிப்பும் தானாக வராது. பிளாக் ரத்தான மறுநாளே தேதி, நேரம், ஆட்கள், இயந்திரம் எல்லாம் குறித்து ஏ.டி.இ.என்னுக்கு (அந்தப் பகுதியின் உதவிக் கோட்டப் பொறியாளருக்கு) கடிதம் கொடுத்து, நகலில் சீல் வாங்கி வையுங்கள். டிராயிங் தாமதம், கேபிள் மாற்றித் தராதது எல்லாவற்றுக்கும் இதே பழக்கம்தான். கடிதம் இல்லையென்றால் அந்தத் தாமதம் உங்கள் கணக்கில் விழுந்து, 17பி பிரிவில் அபராதத்தோடு நீட்டிப்பு வரும். “சாரிடம் வாயால் சொல்லிவிட்டேன்” என்பதற்கு மதிப்பே இல்லை. அந்த சார் ட்ரான்ஸ்ஃபரில் போயிருப்பார்.

கூடுதல் செலவுக்கு க்ளெய்ம் கேட்பதாக இருந்தால் 43-ஆம் பிரிவைப் பாருங்கள். மாதம் ஒருமுறை விவரத்தோடு கணக்குக் கொடுக்கச் சொல்கிறது; அதில் சேர்க்காததை ஏற்க மாட்டார்கள். எல்லாவற்றையும் கடைசி பில்லில் கேட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருப்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

அளவு கூடினால்? ரயில்வேயின் நிலையான ரேட் பட்டியலில் இல்லாமல் ஒப்பந்தத்தில் தனியாகச் சேர்த்த ஐட்டம் (வேலை வகை) ஒன்று ஒப்பந்த அளவைவிட 25 சதவீதம் வரை கூடினாலும் அதே ரேட்தான்; பட்டியல் ஐட்டங்களுக்கு இந்த வரம்பை மொத்த மதிப்பில்தான் பார்ப்பார்கள். 125-இலிருந்து 140 சதவீதம் வரையான பகுதிக்கு ரேட்டில் 98 சதவீதமும், 140-இலிருந்து 150 வரை 96 சதவீதமும் தருவார்கள். நஷ்ட ரேட்டில் போட்ட ஐட்டத்தின் அளவு ஏறினால் நஷ்டமும் ஏறும். ஒப்பந்தத்திலேயே இல்லாத வேலையை, ரேட் எழுத்தில் முடிவாகும் முன் தொடங்கிவிட்டுப் பிறகு பேசலாம் என்று நினைக்காதீர்கள்.

தோண்டுவதற்கு முன் சிக்னல் பிரிவு ஆட்களோடு சேர்ந்து நடந்து, கேபிள் எங்கே போகிறது என்று குறித்து வாங்குங்கள். ஜே.சி.பி ஒருமுறை சிக்னல் கேபிளை அறுத்தால் ரயில்கள் நிற்கும், அபராதமும் வரும், அதற்குப் பிறகு அந்த சைட்டில் உங்களுக்கு நிம்மதி கிடைக்காது.

வேலை மந்தமானால் 62-ஆம் பிரிவு. முதலில் 7 நாள் நோட்டீஸ், பிறகு 48 மணி நேர நோட்டீஸ், அப்புறம் ஒப்பந்த ரத்து. கியாரண்டியும் டெபாசிட்டும் பறிபோகும். 7 நாள் நோட்டீஸுக்குப் பதில் எழுதாமல் விடுவது பெரிய தவறு. முன்பே கொடுத்த கடிதங்களைத் தேதிவாரியாகச் சுட்டிப் பதில் கொடுங்கள்.

வேலை முடிந்த சான்று வந்ததும் கியாரண்டி திரும்பும். டெபாசிட் பராமரிப்புக் காலம் முடிந்த பிறகுதான். அதற்கு முன், இனி எந்தத் தொகையும் கேட்க மாட்டேன் என்னும் ‘நோ க்ளெய்ம்’ சான்றில் கையெழுத்துக் கேட்பார்கள். போட்டபின் எதையும் கேட்க முடியாது. நிலுவை ஏதாவது இருந்தால் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் எழுப்புங்கள். தகராறு ஆர்பிட்ரேஷனுக்கு, அதாவது நடுவர் விசாரணைக்கு, போக முடியுமா என்பதையும் உங்கள் டெண்டர் நிபந்தனைகளில் பார்த்து வையுங்கள்.