டம்ளரில் எச்சில் துப்பிப் பார்த்து ஈஸ்ட் என்று முடிவு கட்டாதீர்கள்

இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். உட்கார்ந்ததும் கைப்பேசியை என் பக்கம் திருப்பி ஒரு போட்டோ காட்டினார். கண்ணாடி டம்ளரில் தண்ணீர், மேலே மிதக்கும் எச்சில், அதிலிருந்து வேர் விட்ட மாதிரி கீழே இறங்கும் வெள்ளை இழைகள். "பாருங்க டாக்டரம்மா, குடல் பூரா ஈஸ்ட் பரவிடுச்சு. எட்டு மாசமா ப்ரோபயாடிக் சாப்பிடுறேன், அரிப்பு நிக்கவே மாட்டேங்குது." ஈஸ்ட் என்பது ஒரு வகைப் பூஞ்சை. ப்ரோபயாடிக் என்பது குடலுக்கு நல்லது என்று சாப்பிடும் உயிருள்ள நுண்ணுயிர்கள்.

நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து வந்தவர், 46 வயது. பையிலிருந்து மூன்று டப்பாக்களை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். நான் டப்பாவைப் பார்க்கவில்லை, ஜாக்கெட்டைப் பார்த்தேன். தோள்பட்டையில் தொளதொளவென்று தொங்கியது. ராத்திரி சிறுநீர் கழிக்க எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். நாலு தடவை. தாகம்? பக்கத்திலேயே சொம்பு வைத்துக்கொண்டுதான் படுக்கிறாராம். விரல் நுனியில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 318.

எட்டு மாதம்! மெடிக்கலில் மாத்திரை வாங்கியிருக்கிறார், ஆன்லைனில் கேப்சூல் வாங்கியிருக்கிறார், நடுவில் ஓர் இடத்தில் க்ரீமும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சர்க்கரையை ஒருவர்கூடப் பார்க்கச் சொல்லவில்லை. சர்க்கரை கூடினால் ஈஸ்ட் எளிதில் பெருகும். என் தொழிலில் இருப்பவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், திரும்பத் திரும்பப் பிறப்புறுப்பில் அரிப்பும் வெள்ளைப்படுதலும் வரும் பெண்ணுக்குச் சர்க்கரை பார்க்காமல் மருந்து எழுதுவது தவறு.

சரி, அந்த டம்ளர் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு அதிகக் கோபம் வருவது இதில்தான். காலையில் எழுந்ததும் தண்ணீரில் துப்பு, இழை இறங்கினால் உடம்பு முழுக்க ஈஸ்ட் என்று ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. எச்சிலில் மியூசின் என்ற பிசுபிசுப்பான புரதம் இருக்கிறது. தூங்கும்போது எச்சில் குறைவாகச் சுரப்பதால் காலையில் அது கெட்டியாக இருக்கும். காற்றுக் குமிழி சிக்கியிருந்தால் மிதக்கும், கரையும்போது இழை இழையாக இறங்கும். அவ்வளவுதான். போன ஞாயிற்றுக்கிழமை பல் தேய்க்கும் முன் எங்கள் வீட்டில் ஐந்து பேரையும் துப்பச் சொல்லிப் பார்த்தேன். நாலு டம்ளரில் இழை இறங்கியது. ஐந்து பேருமே நன்றாக இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் புரிந்துகொள்ளுங்கள். கேண்டிடா என்ற இந்த ஈஸ்ட் ஆரோக்கியமான பலருடைய வாயிலும் குடலிலும் பிறப்புறுப்பிலும் சும்மா இருக்கும். இருப்பது நோய் ஆகாது, இடம் கிடைத்துப் பெருகும்போதுதான் தொந்தரவு. என் மாமியாருக்குப் போன வருஷம் உண்மையிலேயே வாயில் பூஞ்சை வந்தது. ஆஸ்துமா இன்ஹேலர் இழுத்துவிட்டு வாய் கொப்பளிக்காததுதான் காரணம். நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கமும் தயிர் ஒட்டின மாதிரி வெள்ளைத் திட்டு. துணியால் துடைத்தால் அடியில் சிவந்திருந்தது. அதைப் பார்க்க டார்ச் போதும், டம்ளர் தேவையில்லை. விழுங்கும்போது வலியும் சேர்ந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போங்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்தாலும் இப்படி வரும் என்பதால் எச்ஐவி பரிசோதனை எடுக்கச் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள், அது எங்கள் கடமை.

இப்போது டப்பாக்கள். அதில் ஒன்றில் இருந்தது சாக்கரோமைசஸ் பவுலார்டி. அதுவே ஒரு ஈஸ்ட் என்று சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. நல்ல ஈஸ்ட்தான். புதுச்சேரியைப் போல அன்று பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட இந்தோசீனாவில், லிச்சி, மங்குஸ்தான் பழத்தோலிலிருந்து 1920-களில் ஆன்ரி பவுலார் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி பிரித்தெடுத்தது. வயிற்றுப்போக்குக்கு இன்றும் நாங்கள் எழுதிக் கொடுக்கிறோம். ஆனால் இவர் அதோடு சேர்த்து ஃப்ளூகோனசோலும் போட்டுக்கொண்டிருந்தார். பூஞ்சையைக் கொல்லும் அந்த மாத்திரை இந்த நல்ல ஈஸ்டையும் சேர்த்தே கொல்லும். காசு கொடுத்து வாங்கியது அத்தனையும் வீண்.

ப்ரோபயாடிக்கே பொய் என்று நான் சொல்லவில்லை. ஆன்டிபயாடிக் சாப்பிடும்போது வரும் வயிற்றுப்போக்கைத் தடுப்பதில் சில வகைகளுக்கு ஓரளவு நல்ல ஆதாரம் உண்டு. பெண்களுக்கு வரும் ஈஸ்ட் தொற்றில், வழக்கமான மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால் சிறிது காலத்துக்குப் பலன் தெரியலாம் என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2017 தொகுப்பு சொல்கிறது. அந்த ஆதாரத்தின் தரம் குறைவு என்பதையும் அதுவே சொல்கிறது. மருந்தை விட்டுவிட்டு இதை மட்டும் சாப்பிட்டால் போதும் என்று அது எங்கும் சொல்லவில்லை. அப்புறம், ஐசியுவில் இருப்பவர், கீமோதெரபி எடுப்பவர், பெரிய ரத்தக்குழாயில் குழாய் போட்டிருப்பவர், குறைமாதக் குழந்தை ஆகியோருக்கு நீங்களாக எந்தப் ப்ரோபயாடிக்கும் கொடுக்காதீர்கள். அந்த உயிர்கள் ரத்தத்தில் கலந்துவிடும் ஆபத்து இவர்களுக்கு உண்டு.

தயிர் சாப்பிடுங்கள், மோர் குடியுங்கள், பழைய சோறும் கூழும் குடலுக்கு நல்ல சாப்பாடு. கொதிக்கும் மோர்க்குழம்பில் அந்த நல்ல கிருமி உயிரோடு இருக்காது. ப்ரோபயாடிக் பாக்கெட்டைச் சூடான பாலில் கலந்தாலும் அதே கதி. ஆனால் தயிரைப் பிறப்புறுப்பில் தடவுவது, பூண்டுப் பல்லை உள்ளே வைப்பது, சோப்பு போட்டு உட்புறம் கழுவுவது, தயவுசெய்து வேண்டாம். புண்ணாகித்தான் என்னிடம் வருகிறீர்கள்.

உடம்பு சூடு என்று சொல்லி வெள்ளைப்படுதலை ஆறு மாதம் தள்ளிப் போடுவதும் கூடாது. கட்டித் தயிர் மாதிரி வெள்ளையாக, வாடையில்லாமல், கடும் அரிப்போடு இருந்தால் ஈஸ்டாக இருக்கலாம். மீன் வாடை அடித்தாலோ, மஞ்சளாக, பச்சையாகப் பட்டாலோ அது வேறு நோய், அதற்கு மருந்தும் வேறு. மாதவிடாய் நின்றவருக்கு ரத்தம் கலந்து பட்டால் அன்றே வாருங்கள்.

சர்க்கரைக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும். 2020-ல் டபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை முடிந்து விலை குறைந்ததிலிருந்து நிறையப் பேர் சாப்பிடுகிறார்கள். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல மருந்து, ஆனால் பிறப்புறுப்பில் பூஞ்சை வர வாய்ப்பு கூடும். ஆண்களுக்கும் முன்தோலில் அரிப்பு, வெடிப்பு வரும். நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். கிளிமெபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர் மெடிக்கலில் கேட்டு ஃப்ளூகோனசோல் போட்டால் சர்க்கரை மளமளவென்று இறங்கி மயக்கம் வரலாம். கர்ப்பிணிகள் ஃப்ளூகோனசோலைத் தொடவே கூடாது, அவர்களுக்குப் பிறப்புறுப்பின் உள்ளே வைக்கும் க்ளோட்ரிமசோல் என்ற பூஞ்சை மருந்து இருக்கிறது.

ஸ்டீராய்டு கலந்த க்ரீம் வேண்டவே வேண்டாம். இரண்டு நாள் அரிப்பு அடங்கும், பூஞ்சை உள்ளே பரவிக்கொண்டே இருக்கும். கடலூர் முதுநகரில் மீன் விற்கும் அக்காமார்கள் விடியற்காலையிலிருந்து ஈரப் பாவாடையோடு உட்கார்ந்திருக்கிறீர்கள், தொடையிடுக்கு வெந்துபோன பிறகு வருகிறீர்கள். மாற்றுப் பாவாடை ஒன்று கூடையிலேயே இருக்கட்டும். நம் ஊர்க் கடல் காற்றில் துணி லேசில் காயாது, உள்ளாடையை வெயிலில் உலர்த்திப் போடுங்கள்.

நெல்லிக்குப்பத்து அம்மாவுக்குச் சர்க்கரைக்கு மருந்தும் பூஞ்சைக்கு மருந்தும் சேர்த்துக் கொடுத்தேன். மூன்றாம் வாரம் வந்தபோது காலைச் சர்க்கரை 140-க்கு வந்திருந்தது, அரிப்பு இல்லை, ராத்திரி ஒரு தடவைதான் எழுந்திருக்கிறாராம். இத்தனை மாதத்தில் முதல் முறையாகத் தூங்கினேன் என்று சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது.

டாக்டரிடம் வரும்போது வீட்டில் இருக்கிற மாத்திரை, பாக்கெட், க்ரீம், நாட்டு மருந்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். எதையும் ஒளிக்க வேண்டாம், நான் திட்ட மாட்டேன். அந்தப் பையைப் பார்த்தால்தான் எதை நிறுத்துவது என்று எனக்குத் தெரியும்.