காட்டுவதற்கு முன் விண்ணப்பியுங்கள்: கண்டுபிடிப்பாளர்களுக்குக் காப்புரிமை பற்றி ஒரு முகவரின் குறிப்புகள்

"என்னிடம் ஒரு ஐடியா இருக்கிறது, அதற்குக் காப்புரிமை வாங்க முடியுமா?" என்ற கேள்வியோடுதான் பெரும்பாலானோர், காப்புரிமை (பேட்டன்ட்) விண்ணப்பங்களைத் தயாரித்துத் தரும் என்னைப் போன்ற முகவரிடம் வருகிறார்கள். பட்டறை நடத்துபவர், பொறியியல் கல்லூரி மாணவர், தன் தோட்டத்துத் தேவைக்கென்று ஒரு கருவியைச் செய்து பார்த்த விவசாயி என யார் வந்தாலும் நான் திருப்பிக் கேட்பவை இரண்டு கேள்விகள்தான். அதை எப்படிச் செய்வது என்று விளக்க முடியுமா? இதுவரை யாரிடமெல்லாம் காட்டியிருக்கிறீர்கள்? முதல் கேள்விக்குத் தெளிவான விளக்கமும், இரண்டாவதற்கு "யாரிடமும் இல்லை" என்ற பதிலும் கிடைத்தால் மேற்கொண்டு பேசலாம். வருத்தத்துக்குரிய விதமாக, பல நேரங்களில் பதில்கள் நேர் எதிராகவே வருகின்றன.

நம் நாட்டில் 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் வெறும் எண்ணத்துக்குப் பாதுகாப்புத் தருவதில்லை. புதிய பொருளாகவோ புதிய செய்முறையாகவோ அது இருக்க வேண்டும். அத்துறையில் தேர்ந்த ஒருவருக்கு எளிதில் தோன்றிவிடாத ஒரு முன்னேற்றம் அதில் இருக்க வேண்டும். தொழிலில் பயன்படுத்தக் கூடியதாகவும் இருக்க வேண்டும். மரத்தில் ஏறித் தேங்காய் பறிக்கும் இயந்திரம் வேண்டும் என்று நினைப்பது விருப்பம். தண்டின் பருமன் மாறும்போதும் பிடி நழுவாமல் அது எப்படி ஏறுகிறது என்று படத்தோடு விளக்கினால்தான் அது கண்டுபிடிப்பாகிறது. இதற்கு மேல், எவையெல்லாம் கண்டுபிடிப்பு ஆகாது என்று சட்டத்தின் 3ஆம் பிரிவு நீண்ட பட்டியலே தருகிறது. கணித முறை, வணிக முறை, கணினி நிரல் என்ற அளவில் மட்டும் நிற்கும் நிரல், மருத்துவச் சிகிச்சை முறை, வேளாண் முறை, மரபறிவு ஆகியவை அதில் அடங்கும். நடவு செய்யும் புதிய முறைக்குக் காப்புரிமை இல்லை. ஆனால் அந்த நடவுக்கென்று நீங்கள் வடிவமைத்த கருவிக்கு, மற்ற தகுதிகள் இருந்தால், உண்டு. இந்த வேறுபாடு தெரியாமலேயே மனம் தளர்ந்து திரும்பிப் போனவர்கள் பலர்.

பட்டறைக்காரர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய வழக்கு ஒன்று உண்டு. உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூரில் பாத்திரங்களை லேத்தில் கடைந்து மெருகேற்றும் தொழில் நடந்துவந்தது. பாத்திரத்தை ஒரு பக்கம் மட்டும் பிடித்துக் கடைவதே பழைய வழக்கம். அப்படிச் செய்யும்போது பாத்திரம் பிடியிலிருந்து கழன்று பறந்து தொழிலாளிக்கு ஆபத்து விளைவிக்கும். மறுபக்கத்திலிருந்து நெம்புகோலால் அழுத்திப் பிடிக்கும் அமைப்பை ஒரு நிறுவனம் செய்து, 1951ஆம் ஆண்டு விண்ணப்பித்துக் காப்புரிமையும் பெற்றது. பின்னர் இன்னொரு நிறுவனம் அதையே பயன்படுத்துகிறது என்று தொடர்ந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. நெம்புகோலும் மறுமுனைத் தாங்கியும் அத்தொழிலில் ஏற்கெனவே அறியப்பட்டவை, அவற்றைச் சேர்த்தது பட்டறை அளவிலான மேம்பாடே அன்றிக் கண்டுபிடிப்பு ஆகாது என்று கூறி, 1978ஆம் ஆண்டு டிசம்பரில் நீதிமன்றம் அந்தக் காப்புரிமை செல்லாது என்றது. பயனுள்ள ஒரு மாற்றம், தொழிலாளியின் கையையும் கண்ணையும் காக்கும் மாற்றம், ஆயினும் காப்புரிமைக்கு அது போதவில்லை. விண்ணப்பங்களைத் தயாரிக்கும்போது இன்றும் நான் இந்தத் தீர்ப்பை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

ஆகவே, உங்கள் கருவியை உருவாக்கும்போது எது வேலை செய்யவில்லை, ஏன் செய்யவில்லை, எந்த மாற்றத்துக்குப் பிறகு செய்தது என்பதைத் தேதியிட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வழக்கமான வழியில் சென்றவர்கள் எங்கே முட்டிக்கொண்டார்கள், நீங்கள் எப்படி அதைக் கடந்தீர்கள் என்பதே "இது யாருக்கும் தோன்றக்கூடியது" என்ற மறுப்புக்கு விடை. அதோடு, விண்ணப்பிப்பதற்கு முன் தேடிப் பாருங்கள். காப்புரிமை அலுவலக இணையதளத்தின் தேடல் வசதியும் கூகுள் பேட்டன்ட்ஸ், எஸ்பேஸ்நெட் போன்ற தளங்களும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. கடையில் அப்படி ஒரு பொருள் இல்லை என்பதால் உலகத்திலேயே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. விற்பனைக்கே வராத எத்தனையோ கருவிகள் வேற்று நாட்டு ஆவணங்களில் விவரிக்கப்பட்டிருக்கின்றன, அவையும் உங்கள் புதுமையை மறுக்கப் போதுமானவை.

மற்றவர்களின் ஆவணங்களைப் போலவே உங்கள் சொந்தச் செயலும் உங்களுக்கு எதிராக நிற்கலாம் என்பதுதான் நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது. கருவி இயங்கத் தொடங்கிய மகிழ்ச்சியில் காணொளி எடுத்து யூடியூபில் ஏற்றுகிறார்கள். கல்லூரிக் கண்காட்சியில் வைக்கிறார்கள். நாலைந்து பேருக்கு விற்றும் விடுகிறார்கள். பிறகு விண்ணப்பிக்க வரும்போது புதுமை அவர்கள் கையாலேயே போயிருக்கிறது. "ஓராண்டு அவகாசம் உண்டாமே" என்று சிலர் கேட்பார்கள். உண்டு, ஆனால் அது பொருந்தும் இடங்கள் மிகக் குறைவு. மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சியில் வைத்தது, அறிஞர் சங்கம் ஒன்றில் கண்டுபிடித்தவரே கட்டுரையாக வாசித்தது போன்ற சில நேர்வுகளில் மட்டும் 31ஆம் பிரிவு பன்னிரண்டு மாத அவகாசம் தருகிறது. ஊரில் நடக்கும் எல்லாத் தொழிற்கண்காட்சிகளுக்கும் அந்த அறிவிப்பு இருப்பதில்லை, யூடியூபுக்கு நிச்சயமாக இல்லை. முதலீட்டாளரிடமோ வார்ப்படம் செய்து தருபவரிடமோ காட்டியே ஆக வேண்டுமென்றால் இரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிய பிறகு காட்டுங்கள். கண்டுபிடிப்பை எழுதித் தனக்குத் தானே பதிவுத் தபால் அனுப்பி உறையைப் பிரிக்காமல் வைத்திருந்தால் காப்புரிமை கிடைக்கும் என்று சிலர் நம்புகிறார்கள்; அதற்குச் சட்டத்தில் இடமே இல்லை.

வேலை முற்றுப் பெறாத நிலையிலும், புதுமையைக் கணிக்க அடிப்படையாகும் தாக்கல் தேதியைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. விவரக்குறிப்பு என்பது கண்டுபிடிப்பை விளக்கி எழுதும் ஆவணம்; அதில் தற்காலிக விவரக்குறிப்பு, அதாவது புழக்கத்தில் ப்ரொவிஷனல் என்று சொல்லப்படுவது, அதற்காகவே உள்ளது. தனி நபருக்கு இணையவழி விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய். அடுத்த 12 மாதங்களுக்குள் முழு விவரக்குறிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும், தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். இதில் ஓர் ஆபத்தும் உண்டு: ப்ரொவிஷனலில் என்ன எழுதினீர்களோ அதற்கு மட்டுமே அந்தத் தேதி பொருந்தும். அரைப் பக்கத்தில் பொத்தாம்பொதுவாக எழுதிக் கொடுத்துவிட்டு, பாதுகாப்பாக இருப்பதாக நினைத்துப் பொருளை வெளியிடுகிறவர், முக்கியமான நுட்பத்தைப் பாதுகாப்பில்லாமல் வெளியிட்டவராகிறார். அன்று தெரிந்த அனைத்தையும், மாற்று வடிவங்களையும் சேர்த்து, படங்களோடு எழுதித் தருவதே நல்லது.

முழு விவரக்குறிப்பின் இறுதியில் வரும் கிளெய்ம்கள், அதாவது உரிமைக்கோரல்கள், நிலப் பத்திரத்தில் எழுதப்படும் நான்கெல்லைகளைப் போன்றவை. சிறிய எஞ்சினில் இரண்டு ஸ்பார்க் பிளக் வைப்பது தொடர்பான காப்புரிமையை முன்வைத்து பஜாஜ் ஆட்டோவும் டிவிஎஸ் மோட்டாரும் 2007ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்தில் மோதிய வழக்கில், சிலிண்டரின் விட்டம் 45 முதல் 70 மில்லிமீட்டர் வரை என்பதும், வால்வுகள் இரண்டா மூன்றா என்பதும் பெரும் வாதமாயின. தனி நீதிபதி 2008இல் இடைக்காலத் தடை விதித்தார், 2009இல் இரு நீதிபதிகள் அமர்வு அதை நீக்கியது, உச்ச நீதிமன்றம் வரை சென்ற பிணக்கு 2019இல்தான் சமரசமாக முடிந்தது. கிளெய்மில் தேவையில்லாத ஒரு பாகத்தைச் சேர்த்தால் போட்டியாளர் அந்தப் பாகத்தை மட்டும் விட்டுவிட்டுத் தப்பிவிடுவார்; அளவுக்கு மீறி விரித்து எழுதினால் ஏற்கெனவே இருப்பதைக் கோருவதாகக் கூறி அலுவலகம் மறுத்துவிடும். ஆகவே முகவர் எழுதியதைப் படித்துப் பாராமல் கையெழுத்திடாதீர்கள்.

அதன் பின் நடப்பவை பெரும்பாலும் காலக்கெடுக்கள். தமிழ்நாட்டவரின் விண்ணப்பங்கள் சென்னை கிண்டியிலுள்ள அலுவலகத்தின் எல்லைக்குள் வருகின்றன. 18 மாதங்களில் விண்ணப்பம் வெளியிடப்படும். யாரும் கேட்காமல் அலுவலகம் ஆய்வு செய்யாது. 2024 மார்ச்சில் வந்த விதித் திருத்தத்துக்குப் பிறகு தாக்கலானவற்றுக்கு, ஆய்வு வேண்டி 31 மாதங்களுக்குள் தனி நபர் 4,000 ரூபாய் கட்டி விண்ணப்பிக்க வேண்டும். பெண் விண்ணப்பதாரர்களும் ஸ்டார்ட்-அப் நிறுவனங்களும் விரைவு ஆய்வு கோரலாம். முதல் ஆய்வு அறிக்கையில் மறுப்புகள் இருப்பது இயல்பு. ஆறு மாதங்களுக்குள் பதில் தர வேண்டும். கிடைத்த காப்புரிமை, ஆண்டுக் கட்டணம் செலுத்திவந்தால், தாக்கல் தேதியிலிருந்து 20 ஆண்டுகள் நிற்கும்.

கண்டுபிடிப்பாளர் என்ற இடத்தில் யார் பெயரை எழுதுவது என்பதில் நேர்மை வேண்டும். முதலாளி குறையைச் சொல்ல, அதைத் தீர்க்கும் வழியைக் கண்டவர் லேத்தை இயக்கும் டர்னராக இருந்தால், அவர் பெயரும் அங்கே இருக்க வேண்டும். உரிமையை நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ள எழுத்து மூலமான ஒப்பந்தம் போதும். விட்டுப்போனவர் தன் பெயரைச் சேர்க்கும்படி கோரவும் சட்டம் இடம் தருகிறது.

சில நாட்களிலேயே சான்றிதழ் என்று விளம்பரம் செய்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். அவர்கள் தருவது பல நேரங்களில் விண்ணப்ப எண்ணாகவோ, 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தின் கீழ் தோற்றத்துக்கு மட்டும் கிடைக்கும் பதிவாகவோ இருக்கிறது. கருவி இயங்கும் விதத்தை அந்தப் பதிவு காக்காது.

இந்தியக் காப்புரிமை இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். வெளிநாட்டிலும் வேண்டுமென்றால், முதல் தாக்கலிலிருந்து 12 மாதங்களுக்குள் பிசிடி எனப்படும் பன்னாட்டு ஒப்பந்த வழியிலோ நேரடியாக அந்தந்த நாட்டிலோ விண்ணப்பிக்க வேண்டும். இந்தியாவில் வசிப்பவர் இங்கே தாக்கல் செய்து ஆறு வாரங்கள் ஆகும் முன்போ, இங்கே தாக்கலே செய்யாமலோ வெளிநாட்டில் விண்ணப்பிக்க 39ஆம் பிரிவின்படி முன் அனுமதி வேண்டும். அந்த அனுமதியில்லாமல் போனால், இங்குள்ள விண்ணப்பமே கைவிடப்பட்டதாகக் கருதப்படும்.