கடற்புல்வெளியை அளப்பது எப்படி?

கடல் அறிவியல் மாணவியாக பாக் விரிகுடாவில் நான் முதலில் பழகிய களவேலை, கடற்புல்லை அளப்பது. கடற்புல் பாசி இனம் அன்று. வேரும் தண்டும் பூவும் உடைய முழுமையான தாவரம். ஆவுளியா எனப்படும் கடற்பசுவின் முதன்மையான இரை இதுவே. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை ஆவுளியாவுக்கான பாதுகாப்பகமாகத் தமிழக அரசு 2022இல் அறிவித்தது. அங்கே புல் எவ்வளவு இருக்கிறது, கூடுகிறதா குறைகிறதா என்பதை அறியாமல் அந்த உயிரினத்தைக் காக்க முடியாது.

பரவலாகப் பின்பற்றப்படும் முறையில், கரைக்குச் செங்குத்தாக 50 மீட்டர் அளவுநாடாவைக் கடல் தரையில் விரித்து, 5 மீட்டருக்கு ஒருமுறை அரை மீட்டர் பக்கமுள்ள சதுரச் சட்டத்தை வைக்கிறோம். ஒரு நாடாவுக்கு 11 சட்டங்கள். 25 மீட்டர் இடைவெளியில் மூன்று நாடாக்கள். ஒவ்வொரு சட்டத்துக்குள்ளும் எத்தனை விழுக்காடு தரையைப் புல் மூடியிருக்கிறது, என்னென்ன இனங்கள் உள்ளன, இலைகளின் உயரம் என்ன என்பவற்றை நீருக்கடியிலேயே பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் குறிக்கிறோம். கை தானாகவே சட்டத்தை அடர்ந்த புல்லின் பக்கம் நகர்த்தப் பார்க்கும். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. வெறும் மணல் வந்தால் சுழியம் என்றே எழுத வேண்டும். சுழியங்களைத் தவிர்த்தால் சராசரி உயர்ந்து, புல்வெளி தேய்வது கணக்கில் தெரியாமலே போய்விடும்.

என்னை மிகவும் ஈர்த்தது சேற்று மாதிரி. தரையில் குழாயை அழுத்தி எடுத்தால், மேலே சாம்பல் நிற மணலும் அதற்குக் கீழே அழுகிய முட்டை நாற்றமடிக்கும் கரிய சேறும் வருகின்றன. ஆக்சிஜன் இல்லாத அச்சேற்றில் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வேர்களுக்கு நஞ்சு. பகலில் இலைகள் ஒளிச்சேர்க்கையில் உருவாக்கும் ஆக்சிஜன், தண்டினுள் ஓடும் காற்றுக் குழல்கள் வழியே வேர்நுனி வரை இறங்கிச் சிறிது வெளியே கசிந்து, அந்த நஞ்சை முறிக்கிறது.

இழுவை வலைகள் கிளறும் சேற்றால் நீர் கலங்கினால் இலைக்கு எட்டும் ஒளி குறைகிறது. ஆக்சிஜனும் குறைந்து, சல்ஃபைடு வேருக்குள் புகுந்துவிடுகிறது. பருவந்தோறும் அதே இடத்தில் அதே சட்டத்தை வைத்து அளந்து வந்தால், மூடிய பரப்பின் விழுக்காடு படிப்படியாகச் சரிவதிலிருந்து, புல்வெளி முற்றிலும் அழிவதற்கு முன்பே அந்தப் பாதிப்பைக் கண்டுகொள்ளலாம்.