ஆயிரம் ப்ராமிஸ், ஐந்தே ஐந்து இடம்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஆயிரம் படங்களை இறக்க ப்ராமிஸ்.ஆல் போட்டேன். சர்வர் 429 ("அளவுக்கு மீறிக் கேட்கிறாய்") என்று விரட்டிவிட்டது. ஒரே நேரத்தில் எத்தனை வேலைகள் ஓடலாம் என்று வரம்பு போடும் பி-லிமிட் லைப்ரரியில் ஐந்து என்று எண் கொடுத்ததும் எல்லாம் ஒழுங்காக இறங்குகிறது. அது உள்ளே என்னதான் செய்கிறது?"

அடிப்படை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஜாவாஸ்க்ரிப்ட் ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் பார்க்கும். நெட்வொர்க், கோப்பு என்று காத்திருக்க வேண்டிய வேலைகளை வெளியே ஒப்படைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். பதில் வந்தால் சொல்ல முதலில் கால்பேக் இருந்தது, அதாவது பதில் வந்ததும் கூப்பிடச் சொல்லிக் கொடுத்து வைக்கும் ஃபங்ஷன். 2015-இல், பின்னால் வரப்போகும் விடைக்கு இடம் பிடித்து வைக்கும் ப்ராமிஸ் மொழிக்குள்ளேயே வந்தது, 2017-இல் அதற்காகக் காத்திருப்பதை எளிதாக எழுத உதவும் அசிங்க்-அவெய்ட். ஆனால் ப்ராமிஸ் என்ற பெயரில் கணினி அறிவியலாளர்கள் ஃப்ரீட்மனும் வைஸும் இந்தக் கருத்தை முன்வைத்தது 1976-இல். ஜாவாஸ்க்ரிப்ட் பிறக்கவே இன்னும் 19 ஆண்டுகள் இருந்தன. "இதனால் இப்போது என்ன பயன்?" என்று கேட்டு ஆராய்ச்சிக்குப் பணம் தர மறுப்பவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டலாம். கேட்பார்கள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். ப்ராமிஸ்.ஆல் தன்னிடம் தரப்பட்ட பட்டியலில் உள்ள ப்ராமிஸ்கள் எல்லாம் நிறைவேறக் காத்திருக்குமே தவிர, எந்த வேலையையும் தொடங்குவதில்லை. அதன் கைக்குப் பட்டியல் போய்ச் சேரும்போதே ஆயிரம் ரிக்வெஸ்ட்டுகளும் கிளம்பிவிட்டன. ப்ராமிஸ் என்பது ஏற்கெனவே தொடங்கிய வேலையின் விடைக்கு ஒதுக்கிய இடம், அவ்வளவுதான். அதைப் பிடித்து "கொஞ்சம் பொறு" என்று சொல்ல வழியே இல்லை. அதனால்தான் பி-லிமிட் நம்மிடம் ப்ராமிஸைக் கேட்பதில்லை. கூப்பிட்டால் ப்ராமிஸ் தரும் ஃபங்ஷனைக் கேட்கிறது. இன்னும் கூப்பிடாத ஃபங்ஷனை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கையில் வைத்திருக்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். ஒரு ப்ராமிஸை உருவாக்கும்போது, அதை நிறைவேற்றும் ரிசால்வ் என்ற ஃபங்ஷனும் நம் கைக்கு வரும். வழக்கமாக வேலை முடிந்த இடத்திலேயே அதைக் கூப்பிட்டு முடித்துவிடுவோம். பி-லிமிட் அப்படிச் செய்யாமல், அந்த ரிசால்வைக் கழற்றி ஒரு வரிசையின் கடைசியில் போட்டு வைக்கிறது. அது கூப்பிடப்படும் வரை அந்த ப்ராமிஸுக்காகக் காத்திருக்கும் வேலை தொடங்காது. ஆக, வரிசையில் நிற்பவை வேலைகள் அல்ல. அவற்றைத் திறந்துவிடும் சாவிகள்.

இரண்டே இடம், மூன்று படங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது எத்தனை வேலைகள் ஓடுகின்றன என்று கணக்கு வைக்க ஒரு எண்ணி இருக்கிறது. முதல் படம் வருகிறது, எண்ணி 0. சாவி வரிசைக்குள் போன கையோடு வெளியே எடுக்கப்படுகிறது, எண்ணி 1. இரண்டாவதும் அப்படியே, எண்ணி 2. மூன்றாவதன் சாவி மட்டும் வரிசையிலேயே தங்குகிறது. சிறிது நேரத்தில் இரண்டாவது படம் இறங்கி முடிகிறது. அது எண்ணியை ஒன்று குறைக்கிறது, வரிசையில் முதலில் நிற்கும் சாவியை எடுத்துத் திருப்புகிறது. மூன்றாவது கிளம்புகிறது, எண்ணி மறுபடி 2. வாசலில் காவலாள் யாரும் இல்லை; வெளியே போகிறவரே அடுத்தவரை உள்ளே அனுப்பிவிட்டுப் போகிறார். இடம் காலியா என்று நொடிக்கொரு தடவை எட்டிப் பார்க்கும் டைமர்கூடக் கிடையாது.

ஒரு படம் பிழையில் முடிந்தால்? பிழை உங்களுக்குத் தரப்பட்ட ப்ராமிஸ் வழியாக உங்களிடம் வந்துவிடும். உள்ளே அதே பிழை பிடித்து விழுங்கப்படுகிறது. வேறு எதற்கும் இல்லை, எண்ணியைக் குறைக்கும் வரி தவறாமல் ஓட வேண்டும் என்பதற்காக. அந்த ஒரு வரி ஓடாமல் போனால் ஒரு இடம் நிரந்தரமாகப் பறிபோகும்.

இவ்வளவு சுத்தமான வழி இருக்கும்போது, ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் நடுவே அரை நொடித் தாமதம் போட்டுவிட்டு "இப்போது ஓடுகிறது, தொடாதே" என்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். ஏன் அரை நொடி என்று கேட்டால் பதில் இருக்காது. சர்வரே நிமிடத்துக்கு இத்தனை என்று விதித்திருந்தால் தாமதத்துக்கு அர்த்தம் உண்டு. மற்றபடி எலுமிச்சம்பழம் கட்டுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

பி-லிமிட்டிலும் ஒரு பொறி இருக்கிறது. வரம்பை ஒன்று என்று வைத்து, உள்ளே ஓடும் ஃபங்ஷனே அதே லிமிட்டிடம் இன்னொரு வேலையைக் கொடுத்து அதற்காகக் காத்திருந்தால் கதை முடிந்தது. உள்வேலைக்கு இடம் கிடைக்க வெளிவேலை முடிய வேண்டும். வெளிவேலை முடிய உள்வேலை முடிய வேண்டும். உள்வேலைக்குத் தனி லிமிட் ஒன்றை உருவாக்குவதுதான் வழி. இதில் வேடிக்கை, பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்க்ரிப்டை ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸில் இந்த முடிச்சு விழுந்தால் நிரல் உறைந்துகூட நிற்காது. நிறைவேறாத ப்ராமிஸ் மட்டும் ஒரு ப்ராசஸை உயிரோடு வைத்திருக்காது என்பதால், வேறு வேலை எதுவும் மிச்சமில்லை என்று பார்த்துவிட்டுப் பாதியிலேயே வெளியேறிவிடும். கோப்பின் மேல்மட்டத்தில், அதாவது எந்த ஃபங்ஷனுக்கும் உள்ளே இல்லாமல், அவெய்ட் போட்டிருந்தால் வெளியேறும் எண் 13 என்று வரும். அதைப் பார்த்தால் முதலில் இந்த முடிச்சைத் தேடுங்கள்.