பேச்சை ஆராய ஒரு துறை போதாது

காக்ளியர் இம்ப்ளான்ட் (உள்காதில் பொருத்தி, செவி நரம்பை மின்சாரத்தால் தூண்டும் கருவி) வைத்த குழந்தை பேச்சு தெரபிக்கு வந்ததும் நான் முதலில் ஆறு ஒலிகளைச் சொல்லிப் பார்ப்பேன். ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ். உதட்டைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக மெல்லிய துணி கட்டிய வளையத்தால் வாயை மறைத்துக்கொள்வேன். ஒலி கேட்டதும் குழந்தை ஒரு மணியை டப்பாவில் போட வேண்டும். ஐந்து ஒலிக்கு மணி விழுந்து, ஸ் சொல்லும்போது மட்டும் குழந்தை சும்மா உட்கார்ந்திருந்தால், கவனிக்கவில்லை என்று நினைத்து விட்டுவிடக் கூடாது. ஸ் உயர் அதிர்வெண் ஒலி. உள்காதின் காக்ளியாவில் அந்த ஒலிக்கான பகுதியைத் தூண்டும் மின்முனைகளுக்குப் போகும் மின்னோட்டத்தின் அளவு போதுமா என்று செவித்திறன் நிபுணரான ஆடியாலஜிஸ்ட் மேப்பிங் செய்யும்போது, அதாவது கருவியின் அளவுகளைக் குழந்தைக்கேற்ப அமைக்கும்போது, பார்க்க வேண்டும். நான் எழுதி வைத்தது என் நோட்டிலேயே கிடந்தால் அவருக்கு எப்படித் தெரியும்?

நம் ஊரில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. பெற்றோர் ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஈ.என்.டி. டாக்டர், ஆடியாலஜிஸ்ட், தெரபிஸ்ட், மனநல நிபுணர் என்று அலைகிறார்கள், ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த மொழியில் ஒரு ரிப்போர்ட் எழுதுகிறார்கள், ஒருவர் எழுதியதை அடுத்தவர் முழுதாகப் படிப்பதுகூட இல்லை. ஆராய்ச்சியிலும் இதே கதைதான். மொழியியல்காரர் ஒரு பக்கம், பேச்சுத் தொழில்நுட்பம் செய்யும் பொறியாளர் ஒரு பக்கம், நாங்கள் இன்னொரு பக்கம்.

அந்த இம்ப்ளான்டே ஒரு துறையால் உருவானதில்லை. ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் கிரேம் கிளார்க் காது மருத்துவர். நத்தைச் சுருளாக இருக்கும் காக்ளியாவுக்குள் மின்முனைக் கம்பியை உள்ளே வரை எப்படிச் செலுத்துவது என்று தெரியாமல் அவர் திணறிக்கொண்டிருந்தார். 1977இல் கடற்கரையில் ஒரு சங்குக்குள் புல் இதழைச் செருகிப் பார்த்தபோது வழி கிடைத்தது. நுனி வளைந்து கொடுக்கும்படியும் அடி விறைப்பாகவும் இருந்தால் அது சுருளுக்குள் இறங்கிவிடும். விபத்தில் கேட்கும் திறனை இழந்த ராட் சாண்டர்ஸுக்கு 1978இல் பல மின்முனைகள் கொண்ட கருவியைப் பொருத்தினார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அப்புறம் நடந்ததுதான். ஒவ்வொரு மின்முனையையும் தனியாகத் தூண்டியபோது அவருக்கு வெவ்வேறு உயிரொலி போலக் கேட்டது. உயிரொலிகளைப் பிரித்துக் காட்டுவது குரல் பாதையின் ஒத்ததிர்வுகள் (தொண்டையும் வாயும் வலுப்படுத்தும் அதிர்வெண்கள்), அவற்றில் இரண்டாவது மிக முக்கியம் என்பது ஒலியியல் படித்தவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோதுதான், பேச்சிலிருந்து எதை எடுத்து எந்த மின்முனைக்கு அனுப்புவது என்பது பிடிபட்டது. அந்த மேசையைச் சுற்றி மருத்துவர்கள் மட்டும் உட்கார்ந்திருந்தால், அவருக்குக் கேட்ட உயிரொலிக்கு அர்த்தம் சொல்ல ஆள் இருந்திருக்க மாட்டார்.

அதே ஆஸ்திரேலியாவில் 2000களின் நடுவில் அரசு ஆராய்ச்சி நிதியில் எச்.சி.எஸ்.நெட் என்று மனிதத் தொடர்பு அறிவியலுக்கே ஒரு வலையமைப்பு தொடங்கினார்கள். மொழியியல், உளவியல், பேச்சுத் தொழில்நுட்பம், செவிப்புலன் என்று பல துறைக்காரர்களை ஒரே பட்டறையில் உட்கார வைத்து, மாணவர்களையும் கூடவே அழைத்தார்கள். கூட்டம் போட்டதோடு நிற்கவில்லை. பின்னாளில் ஆஸ்டாக் என்ற பெரிய பேச்சுத் தொகுப்புக்காகப் பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்தன. நாடு முழுக்க ஆயிரம் பேரை இலக்காக வைத்து, எல்லா ஊரிலும் ஒரே மாதிரிக் கருவி, ஒரே நெறிமுறை என்று முடிவு செய்து பதிவு செய்தார்கள். ஒரு வலையமைப்பு உயிரோடு இருக்க இப்படி எல்லாருக்கும் பயன்படும் ஒரு பொதுப் பொருள் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கருத்தரங்கில் விசிட்டிங் கார்டு மாற்றிக்கொள்வதால் இது வராது.

தமிழுக்கு இதன் தேவை அதிகம். பொறியியல் மாணவர்கள் சிலர் பேச்சுப் பதிவுகளை எழுத்துத் தமிழை வைத்து அடையாளமிடுகிறார்கள். கடல், தங்கம், மகன் என்ற மூன்றிலும் எழுத்து ஒரே க, ஒலி மூன்று விதம். குழந்தை தங்கத்தில் கடலின் ககரத்தைச் சொன்னால் அது பிழையா இல்லையா என்பதை எழுத்து காட்டாது, மொழியியல் தெரிந்தவர் காதால் கேட்டுத்தான் குறிக்க வேண்டும். அதேபோல, வீட்டில் "வந்துட்டிருக்கேன்" என்று பேசும் குழந்தையைப் பாடநூல் வாக்கியங்களைக் கொண்டு சோதித்தால் இல்லாத குறையைக் கண்டுபிடித்துவிடுவோம். இதைத் தெரபிஸ்ட் சொல்ல வேண்டும். நல்ல முயற்சிகளும் இருக்கின்றன. எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரியில் பேச்சுத் தசைகள் பாதிக்கப்பட்டவர்களின் தமிழைப் பதிவு செய்து தொகுத்திருக்கிறார்கள். மைசூரில் 1965இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனத்தில் இந்தத் துறைகள் பலவும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. ஆனால் தனியாக கிளினிக் வைத்திருப்பவர், மாவட்ட மருத்துவமனையில் ஒற்றை ஆளாக இருப்பவர், இவர்களிடம் நாள்தோறும் வரும் பேச்சு அப்படியே காற்றோடு போகிறது.

அதனால் சக தெரபிஸ்ட்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் பதிவு செய்வதை இன்னொருவர் பயன்படுத்தும்படி செய்யுங்கள். வாட்ஸ்அப் குரல் செய்தியாக அனுப்பி வைத்துக்கொள்ளாதீர்கள், அதில் ஒலி சுருக்கப்பட்டுவிடும். மாதிரி வீதம் (நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளந்து பதிகிறது என்பது) 8 கிலோஹெர்ட்ஸ் என்றால் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே எதுவும் பதிவாகாது. ஸ் ஒலியின் ஆற்றல் பெரும்பகுதி அதற்கு மேலேதான் இருக்கிறது, ஆக நாம் தேடுவதே தொலைந்துபோகும். சுருக்காத வேவ் கோப்பாக, 44.1 கிலோஹெர்ட்ஸில் எடுங்கள், மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், மைக்கை எப்போதும் ஒரே தூரத்தில் வையுங்கள். வயது, ஊர், வீட்டு மொழி, எந்தக் காதில் என்ன கருவி என்பதையெல்லாம் கூடவே எழுதுங்கள். பெயர் எழுத வேண்டாம், ஒரு எண் போதும்.

பொறியியல், மொழியியல் படிப்பவர்கள் ப்ராஜெக்ட் தலைப்பை முடிவு செய்வதற்கு முன்னால், அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு காலைப்பொழுது தெரபி அறையில் உட்கார்ந்து பாருங்கள். அப்புறம் பெற்றோரின் சம்மதம். படிவம் எளிய தமிழில் இருக்கட்டும், பதிவு யார் யாரிடம் போகும் என்பதை வாய்விட்டுப் படித்துச் சொல்லுங்கள், வேண்டாம் என்றாலும் தெரபி நிற்காது, கொடுத்த பிறகும் திரும்பக் கேட்கலாம் என்பதையும் சேர்த்து.