எழுப்புதல் வாரமா, மறுமலர்ச்சி வாரமா?

அமெரிக்காவில் மெதடிஸ்ட் என்ற புராட்டஸ்டன்ட் பிரிவின் கல்லூரிகளில், மாணவர்கள் மனந்திரும்பி விசுவாசத்தில் புதுப்பிக்கப்படவேண்டும் என்று நடத்தும் ஆராதனை வாரமான 'ரிவைவல் வீக்'கைத் தமிழாக்குகிறவர்கள் 'மறுமலர்ச்சி வாரம்' என்று எழுதுவதை இனியும் பொறுக்க முடியாது. 'மறுமலர்ச்சி வாரத்தில் தாத்தா தேம்பி அழுது பாவ அறிக்கை செய்தார்' என்று ஒரு குடும்ப நினைவை எழுதினால், தாத்தா ஏதோ ஓவியக் கண்காட்சியில் அழுதது போலத்தானே இருக்கிறது?

'ரிவைவல்' என்பதன் மூலச்சொல் லத்தீன், 'மறுபடி வாழ்தல்' என்று பொருள், அவ்வளவுதான். மறுமலர்ச்சி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது இத்தாலி, கலை, இலக்கியம், மிஞ்சினால் ஒரு கட்சியின் பெயர். அதில் மனந்திரும்புதல் எங்கே இருக்கிறது? சரி, 'உயிர்ப்பு வாரம்' என்போமா? 'உம்முடைய கிரியையை உயிர்ப்பியும்' என்று வேதாகமத்தில் ஆபகூக்கின் புத்தகத்தில் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறதுதான், ஆனால் கத்தோலிக்கர் காதில் உயிர்ப்பு என்றால் ஈஸ்டர், அப்புறம் எந்த வாரம் என்ற குழப்பம் வேறு.

சபைகளில் தலைமுறைகளாகப் புழங்கும் 'எழுப்புதல்' கையிலேயே இருக்கிறது. அது தூக்கத்திலிருந்து எழுப்புவதுதானே, உயிர் எங்கே வருகிறது என்று சில தூய்மைவாதிகள் கேட்கிறார்கள். செத்துப்போன லாசருவை இயேசு என்ன செய்தார்? மரித்தோரிலிருந்து எழுப்பினார். தூங்குகிறவனையும் செத்தவனையும் ஒரே வினையால் எழுப்பும் வசதி மூலச்சொல்லுக்கே கிடையாது. அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டுகிறவர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது, ஒரு நாளாவது எழுப்புதல் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால் தெரியும்.

ஒன்றை மட்டும் பிரித்து எழுத வேண்டும். பருவந்தோறும் நாள் குறித்து, வெளியிலிருந்து பிரசங்கியாரை அழைத்து நடத்துவது எழுப்புதல் வாரம். கென்டக்கியில் வில்மோர் ஊரின் ஆஸ்பரி கல்லூரியில் 1970 பிப்ரவரி 3 அன்று நடந்தது அப்படியல்ல. பிரசங்கம் செய்யவேண்டிய டீன் தன் சாட்சியை, அதாவது தன் வாழ்வில் தேவன் செய்ததைச் சொல்லிவிட்டு மாணவர்களையும் சொல்ல அழைத்தார், ஆராதனை நாள்கணக்கில் நீண்டது, வகுப்புகள் நின்றுபோயின. அங்கே படித்த பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொல்வது பெரும்பாலும் இந்தக் கதையைத்தான். 2023 பிப்ரவரியிலும் அதே ஆராதனை அரங்கில் அப்படி நடந்தபோது, அதற்குள் பல்கலைக்கழகமாகிவிட்ட அந்தக் கல்லூரி அதை ஆவி 'ஊற்றப்படுதல்' என்ற பொருளில்தான் அழைத்தது. வேதாகமத்தில் யோவேல் தீர்க்கதரிசியின் 'என் ஆவியை ஊற்றுவேன்' நினைவிருந்தால் தமிழில் சொல் தேட வேண்டியதே இல்லை. அதையும் 'மறுமலர்ச்சி வாரம்' என்று எழுதியவர்கள் உண்டு, இத்தனைக்கும் அது இரண்டு வாரத்துக்குமேல் நடந்தது.