பத்து ஹெக்டேரில் எவ்வளவு காடு?

லேஅவுட் போடும் நிலத்தில் இத்தனை சதவீதம் திறந்தவெளியாக விட வேண்டும் என்று பல இடங்களில் உள்ளாட்சி விதி இருக்கிறது. நல்லதுதான். ஆனால் எந்த இடத்தை, எந்த வடிவத்தில் விடுவது என்று சொல்லாத விதியால் அங்கே வாழும் உயிர்களுக்குப் பெரிய பலன் கிடையாது. வீடு கட்ட லாயக்கில்லாத மூலைகளையும் சாலையோரத் துண்டுகளையும் கூட்டியே சதவீதத்தை நிரப்பிவிடலாம்.

வடிவம் ஏன் முக்கியம்? காட்டின் ஓரத்தில் வெயிலும் காற்றும் நேராக உள்ளே புகுகின்றன. மண் காய்கிறது, பெரிய மரங்கள் சாய்கின்றன, களைகள் நுழைகின்றன. பிரேசிலின் மனாவுஸ் நகருக்கு வடக்கே 1979 முதல் நடக்கும் நீண்ட ஆய்வில், இப்படிப்பட்ட ஓரப் பாதிப்புகள் பலவும் 100 மீட்டர் வரை உள்ளே போவதைப் பார்த்தார்கள். சில அதையும் தாண்டின.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். 10 ஹெக்டேர் சதுரக் காட்டின் ஒரு பக்கம் சுமார் 316 மீட்டர். நாலாபுறமும் 100 மீட்டரைக் கழித்தால் நடுவில் எஞ்சுவது 1.35 ஹெக்டேர்தான். அதே 10 ஹெக்டேரை 100 மீட்டர் அகலப் பட்டையாக ஒரு கிலோமீட்டருக்கு விட்டால்? முழுக்க ஓரம்தான், உள்காடு என்று எதுவுமே இல்லை. அனுமதிக் கோப்பில் மட்டும் இரண்டும் ஒரே அளவு.

இதனால்தான் சில விதிகள், வீடுகளின் எண்ணிக்கையைக் குறைக்காமல் மனைகளைச் சிறிதாக்கி ஒரு பக்கம் நெருக்கச் சொல்கின்றன. மீதி நிலம் ஒரே துண்டாக நிற்கும். சாலையும் குழாயும் குறைந்த நீளத்தில் முடிவதால் கட்டுபவருக்கும் செலவு மிச்சம்.

குளம் குட்டைகள் விஷயம் இன்னும் சிக்கல். கரையிலிருந்து ஒரு 30 மீட்டர் விட்டுவிட்டால் போதும் என்று நினைப்போம். தவளைகளிலும், பல்லி போன்ற உருவமுள்ள அவற்றின் உறவான சாலமாண்டர்களிலும் பல இனங்கள் முட்டையிட மட்டும்தான் தண்ணீருக்கு வருகின்றன, மற்ற நாட்களில் சுற்றியுள்ள நிலத்தில்தான் இருக்கின்றன. ரேமண்ட் செம்லிட்ச், ரஸ்ஸல் போடி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2003இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இவற்றுக்குத் தேவையான நிலம் நீர்விளிம்பிலிருந்து 159 முதல் 290 மீட்டர் வரை விரிந்திருந்தது. அப்படியானால் 30 மீட்டர் விதி முட்டையைக் காப்பாற்றி, தவளையைக் கைவிடுகிறது.

கோடையில் வற்றும் குட்டைகளின் கதி இதைவிட மோசம். வற்றுவதால் அங்கே மீன் தங்காது, மீன் இல்லாததால் முட்டைகள் தப்பிக்கும். ஆனால் வெயில் காலத்தில் நிலத்தைப் பார்க்க வருகிறவர் கண்ணுக்கு அது வெறும் பள்ளம், மண் கொட்டி நிரப்ப வேண்டிய இடம். ஆகவே குட்டைகளின் கணக்கெடுப்பைத் தண்ணீர் நிற்கும் பருவத்தில், அதுவும் லேஅவுட் வரைபடம் போடுவதற்கு முன்பே செய்ய வேண்டும் என்று விதியிலேயே இருக்க வேண்டும். சாலைக்குக் கோடு போட்டபின் தவளைக்காக அதை யாரும் நகர்த்துவதில்லை.

அப்புறம் பத்திரம். விட்ட நிலத்தில் கட்டக்கூடாது என்ற நிபந்தனை கிரயப் பத்திரத்திலேயே ஏறியிருந்தால்தான், நிலம் கைமாறினாலும் அடுத்து வாங்குகிறவரையும் அது கட்டுப்படுத்தும்.